லடாக் வெந்நீர் ஊற்று ட்ரிப்: 8,500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 12 லட்சத்துக்குப் பொறுப்பு ஏத்துக்காதீங்க!



நாலு நண்பர்கள் சேர்ந்து லடாக் போறீங்கன்னு வைச்சுக்குவோம். லே ஊரில் இறங்கியதும் உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒன்று, டிரைவரோட வரும் மஞ்சள் போர்டு டாக்ஸி. மூணு நாள் சுற்றுக்கு 24,000 ரூபாய். இன்னொன்று, யாரோ ஒருத்தருடைய வெள்ளை போர்டு எஸ்யூவி. நீங்களே ஓட்டிக்கலாம். ஒரு நாளைக்கு 3,500 வீதம் மூணு நாளைக்கு 10,500, டீசல் 5,000, ஆக 15,500 ரூபாய்.

மிச்சம் 8,500. ஆளுக்கு 2,125 ரூபாய். கூடவே நாமே ஓட்டுற சந்தோஷம். பெரும்பாலானவங்க யோசிக்காம ரெண்டாவதைத்தான் எடுப்பாங்க.

இந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப் போயிருக்கு. அந்த வரியைச் சேர்த்தா அந்த 2,125 ரூபாய்க்காக நீங்க எவ்வளவு பெரிய பொறுப்பைத் தலையில் ஏத்திக்கிறீங்கன்னு தெரியும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் முழுசாப் பார்க்கப் போறோம். கூடவே எங்கே போறது, எவ்வளவு ஆகும், எப்படிச் சேமிக்கிறது, எதுக்கு இன்ஷூரன்ஸ் வரும், எதுக்கு வராது, எல்லாத்தையும் வரிசையாப் போட்டுடலாம்.

முதல்ல, எங்கே போறோம்?

பாலைவனம்னா நமக்கு ராஜஸ்தான் மணல்மேடுதான் ஞாபகம் வரும். லடாக்கும் பாலைவனம்தான், ஆனா குளிர் பாலைவனம். லே பகுதியில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர் அளவுதான். நம்ம சென்னையில் ஒரு நல்ல மழை நாளில் இதைவிட அதிகமாப் பெஞ்சிடும்.

அந்த வறண்ட மலைகளுக்கு நடுவில் பூமிக்குள்ளிருந்து சுடச்சுடத் தண்ணீர் வருது. இந்திய நிலத்தட்டும் ஆசிய நிலத்தட்டும் மோதிக்கொண்ட இடம் சிந்து நதியை ஒட்டித்தான் ஓடுது. அங்கே இருக்கிற ஆழமான விரிசல்கள் வழியா நிலத்தடி நீர் சூடாகி மேலே வருது. முக்கியமா மூணு இடம்.

பனமிக்: நூப்ரா பள்ளத்தாக்கில் இருக்கு. லேயிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். கர்துங் லா கணவாயைத் தாண்டிப் போகணும். குளிக்க வசதி இருக்கு. உயரம் சுமார் 3,200 மீட்டர்தான், அதனால உடம்புக்கு எளிது.

சுமதாங்: லேயிலிருந்து காரு, உப்ஷி வழியா சிந்து நதிக் கரையோரமாவே சுமார் 140 கிலோமீட்டர். உயரம் 4,000 மீட்டரை ஒட்டி. ஊற்றுத் தண்ணியைக் குளியலறைக்கே கொண்டு வந்திருக்கும் சின்னச் சின்ன விடுதிகள் இருக்கு.

பூகா: சுமதாங்கைத் தாண்டி மாஹே பாலத்தில் ஆற்றைக் கடந்து உள்ளே போனால் வரும் பள்ளத்தாக்கு. உயரம் சுமார் 4,400 மீட்டர். கடை, விடுதின்னு ஒன்றும் எதிர்பார்க்காதீங்க. வெள்ளை வெள்ளையா போராக்ஸ் படிந்த தரை, கந்தக வாசனை, அங்கங்கே புகை விடும் ஊற்றுகள். தண்ணியின் சூடு 84 டிகிரி வரை போகுது. அந்த உயரத்தில் தண்ணி கொதிக்கிறதே 85 டிகிரியை ஒட்டித்தான். அதாவது தரையிலிருந்து வர்றது கிட்டத்தட்ட கொதிக்கிற தண்ணி.

1970-களிலேயே இந்திய புவியியல் ஆய்வுத் துறை பூகாவில் துளையிட்டு ஆராய்ஞ்சிருக்கு. 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. இங்கே 1 மெகாவாட் புவிவெப்ப மின்நிலையம் அமைக்க லடாக் நிர்வாகத்தோட ஒப்பந்தம் போட்டுச்சு.

நம்ம ட்ரிப் இதுதான்: லேயிலிருந்து சுமதாங், அங்கிருந்து பூகா, பிறகு சோ மோரிரி ஏரிக்கரையில் இருக்கிற கோர்சோக் கிராமம், திரும்பும்போது போலோகொங்கா லா கணவாய், சோ கர் ஏரி, தங்லாங் லா வழியா மறுபடி லே. தார் ரோடும் உண்டு, ஜல்லியும் மணலும் ஓடைத் தண்ணியும் கலந்த பாதையும் உண்டு. கூடாரத்தில் ஒரு ராத்திரி. வழியில் காட்டுக் கழுதையான கியாங் கூட்டம், அதிர்ஷ்டம் இருந்தா கருங்கழுத்து நாரை.

விட்டுப் போன அந்த ஒரு வரி

இப்போ வண்டிக்கு வருவோம். நம்பர் பிளேட்டின் நிறம்தான் இங்கே எல்லாத்தையும் தீர்மானிக்குது.

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து: சொந்த உபயோகத்துக்கான வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து: வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து: நாமே ஓட்ட வாடகைக்கு விடுவதற்கென்றே பதிவு செய்த வண்டி.

வெள்ளை போர்டு வண்டியின் இன்ஷூரன்ஸ் பாலிசியில் உபயோக வரம்பு என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் இந்த பாலிசி பொருந்தாதுன்னு அதில் தெளிவாப் போட்டிருப்பாங்க. நீங்க காசு கொடுத்து எடுத்த அந்த நிமிஷமே அது வாடகை வண்டி. வண்டி கவிழ்ந்தால் கம்பெனி கிளெய்மை நிராகரிக்க முழு உரிமை இருக்கு.

அந்த எஸ்யூவியின் மதிப்பு 12 லட்சம்னு வைங்க. ஓனர் யார்கிட்ட கேட்பார்? உங்ககிட்டதான். சாவி வாங்கும்போது நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பரில், சேதம் எல்லாம் எடுத்தவர் பொறுப்புன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் இருக்கும்.

இது வண்டிக்கு மட்டும். எதிரில் வந்தவருக்கு அடிபட்டால்? பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் கொடுக்கணும், பிறகு அதை வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு நீதிமன்றங்கள் உத்தரவு போடுறது உண்டு. ஓட்டின ஆள் என்ற முறையில் உங்க பேரும் அந்த வழக்கில் இருக்கும். இந்த இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. போனவர் இளவயசு, நல்ல சம்பளம் வாங்கினவர்னா தொகை கோடியைத் தொடும்.

ஆளுக்கு 2,125 ரூபாய் மிச்சம். எதிர்ப்பக்கத்தில் 12 லட்சமும் அதுக்கு மேல எல்லையில்லாத தொகையும். விட்டுப் போன வரி இதுதான்.

இன்னொரு விஷயம். வெளியூரில் வாடகைக்கு எடுத்த பைக்கையும், வெள்ளை போர்டு வாடகைக் காரையும் லேயில் உள்ளூர்ச் சுற்றுலாவுக்கு ஓட்ட அங்குள்ள சங்கத்தினர் விடுறதில்லை. மணாலியில் எடுத்த பைக்கோட லே வரை வரலாம், அதுக்குப் பிறகு ஊர் சுற்ற லேயில் பதிவான பைக்தான் எடுக்கணும். வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பினா உங்க மூணு நாள் திட்டமும் போச்சு.

நானே ஓட்டித்தான் ஆகணும்னா கறுப்புப் பலகை வண்டி எடுங்க. பாலிசி காப்பியை வாட்ஸ்அப்பில் வாங்கிப் படிங்க. கழிவுத் தொகை எவ்வளவு, அதாவது சேதம் வந்தா முதல் எத்தனை ஆயிரம் உங்க பொறுப்புன்னு எழுத்துப்பூர்வமா வாங்கிக்கோங்க.

சொந்த வண்டியில் போறவங்களுக்கு

சென்னையிலிருந்து லே 3,000 கிலோமீட்டருக்கு மேல. அவ்வளவு தூரம் சொந்தக் காரிலேயே போறவங்க இருக்காங்க. நம்மகிட்ட ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்குன்னு தைரியமா இருப்பாங்க. அந்த ஃபுல் என்ற வார்த்தைக்குள்ளே எவ்வளவு ஓட்டை இருக்குன்னு பாருங்க.

டயர் கிழிந்தால்: வண்டிக்கும் சேர்ந்து சேதம் ஆகியிருந்தால்தான் கிளெய்ம், அதுவும் 50%தான். கூர்மையான கல் குத்தி டயர் மட்டும் போனால் ஒரு பைசா வராது.

ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி: தேய்மானம்னு 50% கழிப்பாங்க. பம்பர் முழுக்க பிளாஸ்டிக்தான் என்பதை ஞாபகம் வைங்க. ஜீரோ டெப் இருந்தால் இதில் பெரும்பகுதி தப்பிக்கும்.

அடியில் கல் இடித்து ஆயில் சம்ப் உடைஞ்சா: சம்ப் மாத்துறதுக்குப் பணம் வரும். ஆனா ஆயில் ஒழுகினது தெரியாமலோ, தெரிஞ்சும் அடுத்த ஊர் வரை போயிடலாம்னோ ஓட்டி இன்ஜின் பிடிச்சுக்கிச்சுன்னா, அது தொடர் இழப்பு. சாதாரண பாலிசியில் கிடையாது. ஓடைத் தண்ணியில் இறக்கி, இன்ஜினுக்குள்ளே தண்ணி போயி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினாலும் இதே கதைதான். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் தனியா வாங்கியிருக்கணும்.

இந்தப் பயணத்துக்கு மிக அவசியமான கூடுதல் கவர் எதுன்னு கேட்டால், என் பதில் ஜீரோ டெப்பும் இன்ஜின் பாதுகாப்பும். பாலிசி ரெனியூவல் நேரத்தில்தான் இதெல்லாம் சேர்க்க முடியும். கிளம்புறதுக்கு முந்தின நாள் போன் பண்ணினா கிடைக்காது. அதனால ட்ரிப் தேதியையும் ரெனியூவல் தேதியையும் பக்கத்தில் வைச்சுப் பாருங்க.

பைக் வாடகைக்கு எடுக்கிறவங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பாலிசியில் இருக்கும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் ஓனர் ஓட்டும்போது அவருக்குத்தான். வாடகைக்கு எடுத்த உங்களுக்கு இல்லை. பின்னால் உட்கார்ந்து வர்றவங்களுக்கும் இல்லை. உங்க பேரில் தனியா ஒரு தனிநபர் விபத்து பாலிசி இருக்கணும்.

உடம்புதான் பெரிய சொத்து, அதுக்கு எந்த பாலிசி வரும்?

வண்டியை விட முக்கியமான விஷயம் உயரம். பூகாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60%தான். ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அவ்வளவுதான். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் சகஜம். அதையும் மீறி மேலே போனா நுரையீரலில் நீர் கோர்க்கும், மூளை வீங்கும். ஜிம்முக்குப் போற 28 வயசுப் பையனுக்கும் வரும். உடல் பலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

மருத்துவர்கள் சொல்ற பொது விதி: 3,000 மீட்டருக்கு மேல், ராத்திரி தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. இதை நம்ம திட்டத்தில் பொருத்திப் பாருங்க. லே 3,500. கோர்சோக் சுமார் 4,550. நேராப் போனா ஒரே நாளில் 1,000 மீட்டருக்கு மேல் தாவுறீங்க. நடுவில் சுமதாங்கில் ஒரு ராத்திரி தங்கினா அந்தத் தாவல் ரெண்டாப் பிரியும். அங்கே தங்க ஆளுக்கு 1,500 ரூபாய். அந்தச் செலவைக் கட் பண்றதுதான் இந்த ட்ரிப்பிலேயே மோசமான சிக்கனம்.

லேயில் இறங்கினதும் குறைந்தது 48 மணி நேரம் சும்மா இருங்க. அசிடசோலமைடு மாத்திரை எடுக்கணுமான்னு ஊரிலேயே டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க. சல்ஃபா மருந்து ஒத்துக்காதுன்னா அதைக் கண்டிப்பாச் சொல்லுங்க. அறிகுறி வந்தா மேலே ஏறாதீங்க. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, நடை தள்ளாடுதுன்னா உடனே கீழே இறங்குங்க. எந்த முன்பணமும் அதுக்குத் தடையா இருக்கக் கூடாது.

இப்போ பாலிசிக்கு வருவோம்.

உங்க ஹெல்த் பாலிசி சாகசப் பயணம்னு சொல்லி நிராகரிக்குமா? ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டு வந்த பொதுவான விலக்கு வாசகத்தின்படி, சாகச விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடுறவங்களுக்குத்தான் அந்த விலக்கு. சுற்றுலாப் பயணியா காரில் போய் உயர நோய் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தா அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

ஆனா இங்கே ஒரு பொறி இருக்கு. புது ஹெல்த் பாலிசிக்கு முதல் 30 நாள் காத்திருப்பு காலம். அந்தக் காலத்தில் விபத்துக்கு மட்டும்தான் பணம் வரும், நோய்க்கு வராது. உயர நோய் நோய்தான், விபத்து இல்லை. அதனால லடாக் போறோமேன்னு போன வாரம் பாலிசி எடுத்தவருக்கு இந்த விஷயத்தில் பிரயோஜனம் இல்லை. இதே காரணத்தால்தான் தனிநபர் விபத்து பாலிசியை நம்பியும் உயர நோயைச் சமாளிக்க முடியாது. ரெண்டும் வேணும், ரெண்டும் வேற வேற வேலை செய்யுது.

கேஷ்லெஸ்? 2024 ஜனவரியில் வந்த புது ஏற்பாட்டின்படி, நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். அவசரச் சேர்க்கைன்னா 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லணும். ஆனா பூகாவில் போன் சிக்னலுக்கே வழியில்லை. மலையிலிருந்து லேயில் இருக்கிற சோனம் நோர்பு அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கான அவசர வண்டி, மாற்று டிக்கெட், கூட வர்றவர் தங்கும் செலவு, இதையெல்லாம் முதலில் நம்ம கையிலிருந்துதான் கொடுக்கணும். அதனால ஆளுக்கு 15,000 ரூபாய் அவசர நிதி தனியா. அதில் ஒரு பகுதி ரொக்கமா. நெட்வொர்க் இல்லாத இடத்தில் யுபிஐ வேலை செய்யாது.

போனும் ஃப்ளைட்டும்

மற்ற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். நாலு பேரில் ரெண்டு பேராவது வேற வேற கம்பெனி போஸ்ட்பெய்டு வைச்சிருங்க. வீட்டில் ரெண்டு நாள் போன் வராதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. வங்கி ஓ.டி.பி. வர்ற நம்பர் ப்ரீபெய்டா இருந்தா கார்டும் நெட்பேங்கிங்கும் கையைக் கட்டிப் போட்ட மாதிரி ஆகிடும். இதை நிறையப் பேர் யோசிக்கிறதில்லை.

ஃப்ளைட் விஷயம். லே விமானங்கள் வானிலையால் ரத்தாவது சகஜம். சென்னை–டெல்லி ஒரு டிக்கெட், டெல்லி–லே இன்னொரு டிக்கெட்னு தனித்தனியா வாங்கினா 1,500 ரூபாய் மிச்சமாகலாம். திரும்பும்போது லே விமானம் ரத்தானா அதுக்கு ரீஃபண்டோ மாற்று விமானமோ கிடைக்கும். ஆனா நீங்க போய்ச் சேராததால் டெல்லி–சென்னை டிக்கெட் பறக்காமலே போயிடும். அந்த ஏர்லைன்ஸ் பொறுப்பேற்காது. வானிலை காரணம்னா நஷ்டஈடும் கிடையாது. ஒரே பி.என்.ஆரில் முழுப் பயணத்தையும் புக் பண்ணுங்க. கடைசியில் ஒரு நாள் லேயில் உபரியா வைங்க.

சரி, மொத்தம் எவ்வளவு?

சென்னையிலிருந்து நாலு பேர், 7 ராத்திரி 8 பகல். லேயில் முதல் மூணு ராத்திரி, சுமதாங் ஒன்று, கோர்சோக் ஒன்று, மறுபடி லேயில் ரெண்டு. ஒருத்தருக்கான கணக்கு இது. சீசனுக்குத் தகுந்த மாதிரி உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

விமானம், போக வர: 22,000
லேயில் 5 ராத்திரி, அறை பகிர்ந்து: 5,000
சுமதாங் தங்கல் சாப்பாட்டோடு: 1,500
கோர்சோக் கூடாரம் சாப்பாட்டோடு: 2,500
டாக்ஸி, மூணு நாள் சுற்றும் லே உள்ளூரும், உங்க பங்கு: 7,500
லேயில் சாப்பாடு: 4,000
அனுமதி, சுற்றுச்சூழல் கட்டணங்கள்: 1,000
தூங்கும் பை, ஜாக்கெட் வாடகை: 2,000
பயணக் காப்பீடு, மருந்து: 1,000

கூட்டினா 46,500. அவசர நிதி 15,000. ஆக 61,500 ரூபாய். அவசர நிதி செலவாகலைன்னா அது அப்படியே உங்க கணக்குக்குத் திரும்பும்.

இந்தப் பணத்தை எப்படிச் சேர்க்கிறது?

ரெண்டு பேரை எடுத்துக்குவோம். ஒருத்தர் அடுத்த வருஷம் ஜூன்ல போகணும்னு இந்த ஜூன்லயே 5,000 ரூபாய்க்கு ஆர்.டி. போடுறார். 6.5% வட்டின்னு வைச்சா 12 மாசத்தில் சுமார் 62,100 ரூபாய் கையில் இருக்கும். வட்டியா வந்தது சுமார் 2,100. அதுக்கு வரி உண்டு, அதை மறக்காதீங்க.

இன்னொருத்தர் இப்பவே போகணும்னு 61,500 ரூபாய் பர்சனல் லோன் எடுக்கிறார். 16% வட்டி, 12 மாசம். இஎம்ஐ சுமார் 5,580. மொத்த வட்டி சுமார் 5,460. பிராசசிங் ஃபீஸ் 2%, அதுக்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து இன்னும் 1,450. ஆக 6,900 ரூபாய் கூடுதல் செலவு.

ரெண்டு பேரும் மாசம் ஐயாயிரத்துச் சொச்சம்தான் கட்டுறாங்க. ஆனா முடிவில் ரெண்டு பேருக்கும் வித்தியாசம் சுமார் 9,000 ரூபாய். அந்த ஒன்பதாயிரத்தில் முதல் ஆளுடைய டாக்ஸி பங்கு முழுசும் போக மீதியும் இருக்கு. அதாவது பொறுமையா இருந்தவர் பாதுகாப்பான மஞ்சள் போர்டு வண்டியில் இலவசமாப் போறார். அவசரப்பட்டவர்தான் வெள்ளை போர்டில் 2,125 மிச்சம் பிடிக்கலாமான்னு பார்க்கிறார்.

கூடாரச் சாமான் விஷயத்திலும் இதே மாதிரி யோசிங்க. மைனஸ் குளிரைத் தாங்கும் தூங்கும் பை 6,000 ரூபாய்க்கு வாங்கி சென்னையில் பரணில் போட்டு வைச்சா என்ன பிரயோஜனம்? லே கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைக்குது. ஒரு நாளைக்கு 150 ரூபாய்னு வைச்சா, 40 ராத்திரி உபயோகிச்சாத்தான் வாங்கின காசு தேறும். சொந்தமா வாங்க வேண்டியது மூணுதான்: காலுக்குப் பொருந்தின ஷூ, உள்ளே போடும் தெர்மல், நல்ல டார்ச். அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில் கொண்டு போக முடியாது, லேயில்தான் வாங்கணும்.

கூடாரத்திலும் ஊற்றிலும் கவனம்

கூடாரத்துக்குள்ளே அடுப்பையோ கரியையோ பற்ற வைக்காதீங்க. ஜூன் மாசத்திலும் ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், ஆசை வரத்தான் செய்யும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போயிடும்.

பூகா ஊற்றில் கையை விட்டுப் பார்க்காதீங்க. ஊற்றைச் சுற்றி வெள்ளையாப் படிந்திருக்கிற தரை மேலோடு மாதிரி, உடைஞ்சு கால் உள்ளே போனா வெந்துடும். குளிக்க சுமதாங்கும் பனமிக்கும் போதும். அங்கேயும் பச்சைத் தண்ணி கலந்து, பத்து நிமிஷம். சுடுதண்ணியில் இரத்தக் குழாய் விரியும், பிரஷர் இறங்கும், அந்த உயரத்தில் எழுந்ததும் தலை சுத்தும். பி.பி., இதயப் பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம இறங்க வேண்டாம். குளிக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தண்ணி குடிங்க.

ஆஃப்ரோடுன்னு சொன்னேன், அதுக்கு அர்த்தம் போட்ட பாதையில் கரடுமுரடா இருக்கும் என்பதுதான். பாதையை விட்டு இறங்கி புல்வெளியில் ஓட்டுறது இல்லை. சாங்தாங் வனவிலங்கு சரணாலயம் அது. சோ மோரிரி 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி. ஏரிக்கரையில் கூடாரம் போடக் கூடாது, அதுக்கென்று ஒதுக்கின இடத்தில்தான் போடணும். அந்தப் புல்லை நம்பித்தான் சாங்பா மக்கள் பஷ்மினா ஆடு வளர்க்கிறாங்க. நாம ரீல்ஸ் எடுக்க ஓட்டின டயர் தடம் அங்கே பல வருஷம் அப்படியே இருக்கும். அது அவங்க குடும்ப வருமானம், நண்பர்களே.

கிளம்புறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம்

ஒரு பேப்பர் எடுங்க, இதைச் சரிபாருங்க.

1. ஹெல்த் பாலிசி எடுத்து 30 நாள் தாண்டியாச்சா?
2. உங்க பேரில் தனிநபர் விபத்து பாலிசி இருக்கா?
3. வண்டியின் நம்பர் பிளேட் மஞ்சளா, கறுப்பா? பாலிசி காப்பி பார்த்தாச்சா?
4. விமானம் ஒரே பி.என்.ஆரா? கடைசியில் உபரி நாள் இருக்கா?
5. சுமதாங்கில் ஒரு ராத்திரி இருக்கா?
6. ஓ.டி.பி. வர்ற நம்பர் போஸ்ட்பெய்டா?
7. 15,000 அவசர நிதி தனிக் கணக்கில் இருக்கா?
8. வீட்டில் ஒருத்தருக்காவது பாலிசி நம்பர்களும் உங்க பயணத் திட்டமும் தெரியுமா?

எட்டாவதை லேசா எடுத்துக்காதீங்க. சிக்னல் இல்லாத இடத்தில் நீங்க இருக்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் பண்ணப் போறது வீட்டில் இருக்கிற அவங்கதான். பாலிசி ஃபைலை அவங்க வாட்ஸ்அப்புக்கு இன்றைக்கே அனுப்பிடுங்க.

எட்டுக்கும் ஆமாம்னு பதில் வந்தா தைரியமாக் கிளம்புங்க. ஒன்றுக்கு இல்லைன்னு வந்தாலும் அதைச் சரி பண்ணிட்டு அடுத்த சீசன் போங்க, ஊற்று அங்கேயேதான் இருக்கும். ஆர்.டி. கணக்கையும் லோன் கணக்கையும் எக்செல்லில் போட்டுக் காட்டும் வீடியோ நம்ம சேனல்ல வருது. உங்க எண்களை அதில் போட்டுப் பாருங்க. குழுவா ட்ரிப் ப்ளான் பண்ற நண்பர் யாராவது இருந்தா, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே இதை அவருக்கு அனுப்பிடுங்க.